கேமை டெவலப்பர்கிட்டயே வாங்கலாமா, ஸ்டோர்ல வாங்கலாமா? 1,567 ரூபாய் பில் சொல்லும் பாடம்



போன மே மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நமக்குச் சொந்த ஊர் மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போனவங்க எல்லாருக்கும் தெரியும், ரோட்டோரமா பாத்தி பாத்தியா உப்பளம், வெயில்ல கண்ணு கூசுற வெள்ளைக் குவியல். மே மாசம்னா அங்க முழு சீசன்.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா பையன் ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறான். கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு லேப்டாப்பையே பார்த்துட்டு இருந்தான். என்னடான்னு கேட்டேன்.

"அண்ணா, ஒரு இண்டி கேம். நடுவுல எவனுக்கும் கமிஷன் போகக் கூடாதுன்னு டெவலப்பர் சைட்லயே நேரடியா வாங்கினேன். 1,567 ரூபா எடுத்துட்டாங்க. அப்புறம் பார்த்தா ஸ்டோர்ல அதே கேம் 700 ரூபா. வாங்கினதும் இந்த லேப்டாப்ல ஓட மாட்டேங்குது."

சித்தப்பா இதைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பாத்திக் கரையிலேயே வாங்கினா சல்லிசுதானேடா? உனக்கு மட்டும் எப்படி ஜாஸ்தியாச்சு?"

உப்பளத்துல வாழ்ந்த மனுஷனுக்கு வர்ற நியாயமான சந்தேகம். நம்மில் பல பேருக்கும் இதே நினைப்புதான்: நேரடியா வாங்கினா நமக்கும் லாபம், செஞ்சவருக்கும் லாபம். கேம் விஷயத்துல இதுல பாதிதான் உண்மை. எந்தப் பாதின்னு பில்லைப் பிரிச்சே பார்த்துடலாம்.

1,567 ரூபாய் எங்கே போச்சு?

டெவலப்பர் சைட்ல போட்டிருந்த விலை 15 டாலர். கணக்கு சுலபமா இருக்க ஒரு டாலர் 85 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

- கேம் விலை: 15 டாலர் × 85 = ₹1,275
- ஐஜிஎஸ்டி 18%: ₹229.50
- கார்டு மார்க்கப் 3.5% (1,504.50 ரூபாய்க்கு): ₹52.66
- அந்த மார்க்கப் மேல ஜிஎஸ்டி 18%: ₹9.48
- மொத்தம்: ₹1,566.64

ரெண்டாவது வரியைப் பார்த்து "வெளிநாட்டுக் கேமுக்கு நம்ம ஊர் ஜிஎஸ்டியா?"ன்னு தம்பி கேட்டான். ஆமா. வெளிநாட்டுல இருந்து இணையம் வழியா இந்தியாவுல இருக்கிற தனிநபருக்கு டிஜிட்டல் பொருள் வித்தா, விற்கிறவர் இங்க பதிவு செஞ்சு 18% ஐஜிஎஸ்டி கட்டணும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தப்போ இருந்தே இந்த விதி இருக்கு. ஸ்டோர் வழியா வித்தா, அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஸ்டோர் மேல விழும். அதனாலதான் பெரிய ஸ்டோர்கள் காட்டுற ரூபாய் விலையில வரி உள்ளேயே அடங்கியிருக்கும். டெவலப்பர் சைட்ல பல நேரம் வரி இல்லாத விலையைக் காட்டி, பணம் கட்டுற கடைசிப் பக்கத்துலதான் சேர்ப்பாங்க. தம்பி கடைசிப் பக்கத்தைப் படிக்கவே இல்ல.

மூணாவது, நாலாவது வரி உங்க பேங்க் எடுக்கிறது. டாலர்ல செலவு பண்ணா, கார்டைப் பொறுத்து 2-லிருந்து 3.5% வரை மார்க்கப் போடுவாங்க. அதுக்கும் 18% வரி உண்டு. இது சைட்ல எங்கேயும் தெரியாது, ஸ்டேட்மென்ட்லதான் தெரியும்.

சம்பளத்தோட சேர்த்துப் பார்த்தாதான் இது உறைக்கும். மாசம் 22 வேலை நாள்னா இவனோட ஒரு நாள் சம்பளம் 1,455 ரூபாய். ஒரு கேமுக்கு ஒரு முழு நாள் உழைப்புக்கும் மேல போயிருக்கு. ஸ்டோர்ல வாங்கியிருந்தா அரை நாள்.

சரி, அந்த 700 ரூபாய் எங்கே போகுது?

ஸ்டோர்ல 700 ரூபாய் கொடுத்தா, அதுல:

- ஜிஎஸ்டி: ₹107
- மீதி 593-ல் ஸ்டோர் பங்கு 30%: ₹178
- டெவலப்பருக்கு: ₹415

இந்த 30% தான் கேம் உலகத்துல பல வருஷமா நடக்கிற சண்டை. கம்ப்யூட்டர் கேம்ல பெரிய கடையான ஸ்டீம் எடுக்கிற அடிப்படைப் பங்கு இதுதான். 2018 கடைசியில அவங்க ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க. ஒரு கேம் 1 கோடி டாலருக்கு மேல சம்பாதிச்சா, அதுக்கு மேல வர்ற வருமானத்துக்குப் பங்கு 25%. 5 கோடி டாலரைத் தாண்டினா, அதுக்கு மேல 20%.

நம்ம வருமான வரி ஸ்லாபைத் தலைகீழாத் தொங்கவிட்ட மாதிரி இல்ல? நம்ம ஸ்லாபுல அதிகம் சம்பாதிக்கிறவருக்கு ரேட் ஏறும். இங்க அதிகம் சம்பாதிக்கிறவருக்கு ரேட் இறங்குது. ரெண்டு பேர் ஒரு ரூம்ல உட்கார்ந்து செஞ்ச கேமுக்குத்தான் முழு 30%.

மத்த கடைகள் அப்படி இல்ல:

- எபிக் ஸ்டோர்: 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சப்பவே 12% தான். 2025 ஜூன்ல இருந்து ஒவ்வொரு கேமுக்கும் வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை பங்கே கிடையாது.
- ஆப்பிள்: 2021 ஜனவரியில இருந்து சின்ன டெவலப்பர்களுக்கு 15%.
- கூகுள் பிளே: 2021 ஜூலையில இருந்து வருஷத்துக்கு முதல் 10 லட்சம் டாலருக்கு 15%.
- இட்ச் டாட் ஐஓ: எவ்வளவு பங்கு கொடுக்கணும்னு டெவலப்பரே முடிவு பண்ணலாம். எதுவும் மாத்தலைன்னா 10%. பேமென்ட் கட்டணம் தனி.

கமிஷன் வேற, விலை வேற

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

தம்பி நேரடியா வாங்கினப்போ டெவலப்பருக்கு எவ்வளவு போயிருக்கும்? பேமென்ட் செலவு 5%னு வெச்சா, 1,275-ல் 1,211 ரூபாய். ஸ்டோர் வழியா 415. கிட்டத்தட்ட மூணு மடங்கு! "பார்த்தியாண்ணா, நான் செஞ்சது சரிதானே?"ன்னு தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இருடா. கூடுதலாப் போன அந்த 796 ரூபாயைப் பிரிச்சுப் பார்ப்போம். இதே 1,275 ரூபாயை நீ ஸ்டோர்ல கொடுத்திருந்தாலும், 30% போக டெவலப்பருக்கு 892 போயிருக்கும். அப்போ, கமிஷன் மிச்சமானதால வந்தது 319 ரூபாய்தான். மீதி 477 ரூபாய், நீ இந்திய விலைக்குப் பதிலா அமெரிக்க விலை கொடுத்ததால வந்தது.

ஸ்டீம் 2015-லேயே இந்தியாவுக்கு ரூபாய் விலை காட்ட ஆரம்பிச்சது. எந்த நாட்டுல என்ன விலைன்னு முடிவு பண்றது டெவலப்பர்தான், ஸ்டோர் ஒரு பரிந்துரைப் பட்டியல் மட்டும் கொடுக்கும். அதாவது, இந்தியச் சம்பளத்துக்கு 700 ரூபாய் போதும்னு சொன்னது அந்த டெவலப்பரேதான். தன்னோட சொந்த சைட்ல நாடு நாடா விலை வைக்கிற வசதி பல சின்ன டெவலப்பர்கள்கிட்ட இருக்காது, அதனால அங்க உலகத்துக்கே ஒரே டாலர் விலை.

சித்தப்பா கேள்விக்கு இதுதான் பதில். உப்பை நேரடியா வாங்கினா ஏன் சல்லிசு? நீங்க சாக்கோட போறீங்க, வண்டி உங்களோடது. சலிச்சு, அயோடின் கலந்து, பாக்கெட் போடுற வேலை எதுவும் அதுல நடக்கல. சாப்பாட்டுக்குன்னு விற்கிற உப்புல அயோடின் இருக்கணும்னு சட்டமே இருக்கு, அந்தச் செலவெல்லாம் பாக்கெட் விலையிலதான் ஏறுது. உப்புக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. பாத்திக் கரையில விலை குறையறதுக்குக் காரணம், நடுவுல இருக்கிற வேலையை நீங்களே செய்யறீங்க. கேம்ல நீங்க அப்படி எந்த வேலையையும் மிச்சப்படுத்தல. இறக்குறது ஒரே மாதிரி டவுன்லோடுதான், விலைப்பலகை மட்டும் வேற நாட்டோடது.

30%க்கு நமக்கு என்ன கிடைக்குது?

சங்க காலத்துலயே உமணர்கள் வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு போய் நெல்லுக்கு மாத்தினாங்க. நடுவுல இருக்கிறவர் எல்லாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடுறவர் இல்ல. ஸ்டோர் என்ன செய்யுதுன்னும் நேர்மையாப் பார்க்கணும்.

ஒண்ணு, ரூபாய் விலை, யுபிஐ. கார்டு மார்க்கப்பே வராது.

ரெண்டு, ரீஃபண்ட். ஸ்டீம்ல வாங்கின 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா, காரணம் எதுவா இருந்தாலும் பணம் திரும்பக் கேட்கலாம். "லேப்டாப்ல ஓடல" என்பதும் காரணம்தான். தம்பி அங்க வாங்கியிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

மூணு, அப்டேட், சேவ் பண்ண ஃபைல், புது லேப்டாப்புக்கு மாத்துறது எல்லாம் ஒரே கணக்குல.

இதுல பல பேருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கு. டெவலப்பர்கள் ஸ்டீம் கீ-களை ஸ்டீம்கிட்ட இலவசமா வாங்கி வெளியில விற்கலாம். அந்த விற்பனைக்கு ஸ்டீம் பங்கு எடுக்காது. ஸ்டீம் வாடிக்கையாளருக்கு அதைவிட மோசமான டீல் கொடுக்கக் கூடாதுங்கிறது நிபந்தனை. உதாரணம் ஃபேக்டோரியோ. பிராக் நகரத்துல இருக்கிற வூபே நிறுவனம் அதைத் தன்னோட சைட்லயே விற்குது. அங்க வாங்கினா தனியா டவுன்லோடும் கிடைக்கும், ஸ்டீம் கீ-யும் கிடைக்கும். ஆனா வெளியில வாங்கின கீ-க்கு ஸ்டீம் ரீஃபண்ட் தராது. வித்தவர்கிட்டதான் கேட்கணும்.

ரெண்டு மணி நேர ரீஃபண்டும் ஒரு தமிழ்க் கேமும்

வெண்பா விளையாடியிருக்கீங்களா? கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா, பாதி அழிஞ்சுபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வெச்சு இட்லி, புட்டுன்னு செய்யற கதை. டொராண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் செஞ்சு, 2023 ஜூலை 31-ல் வெளியிட்டாங்க. 2024-ல் பாஃப்டா விருதுகள்ல சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கினது. ஸ்டீம், நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்னு பெரிய கடைகள் எல்லாத்துலயும் வந்தது. கன்சோல்ல டிஜிட்டலா வாங்கணும்னா அந்தந்தக் கம்பெனி கடைதான், டெவலப்பர்கிட்ட நேரடியா வாங்குற பேச்சே பெரும்பாலும் கிடையாது.

இந்த கேமை முடிக்க ஒண்ணரை மணி நேரம் போதும். இப்போ ரீஃபண்ட் விதியை மறுபடி படிங்க: 2 மணி நேரத்துக்குள்ள. அதாவது, இந்த மாதிரி சின்னக் கேமை முழுசா விளையாடி, கண் கலங்கி, அப்புறம் பணத்தையும் திரும்பக் கேட்க முடியும். விதி அதைத் தடுக்காது.

இது கற்பனை இல்ல. 2021-ல் எமிகா கேம்ஸ்னு ஒரு சின்ன டெவலப்பர், 'சம்மர் ஆஃப் 58' என்ற கேமை வெளியிட்டார். 2 மணி நேரத்துக்குள்ள முடியற கேம். நல்ல ரிவ்யூ வந்தும், விளையாடி முடிச்சுட்டு நிறைய பேர் ரீஃபண்ட் வாங்கிட்டாங்கன்னு சொல்லி, காலவரையறை இல்லாம கேம் செய்யறதை விட்டு விலகுறதா அறிவிச்சார்.

ரீஃபண்ட் நம்ம பாதுகாப்புக்கு. ஓடலையா, சொன்ன மாதிரி இல்லையா, தாராளமா கேளுங்க. ஆனா பந்தியில உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுட்டு இலையை மடிக்கிற நேரத்துல மொய்யைத் திருப்பிக் கேட்காதீங்க. 30% கமிஷனுக்கு எதிரா கோபப்படுற நாமளே 100% எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

வாங்கினது கேமா, அனுமதியா?

நேரடியா வாங்குறதுல நிஜமான லாபம் ஒண்ணு இருக்குன்னா அது இங்கதான்.

ஸ்டோர்ல நீங்க வாங்குறது பெரும்பாலும் கேமைப் பயன்படுத்துற உரிமம் மட்டுமே. கலிஃபோர்னியா மாநிலம் இதை வாங்குறவருக்குத் தெளிவாச் சொல்லணும்னு ஒரு சட்டம் போட்டு, அது 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீமும் பணம் கட்டுற இடத்துல அப்படி ஒரு குறிப்பைப் போட ஆரம்பிச்சது. யுபிசாஃப்டோட 'தி க்ரூ' கேமோட சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினாங்க. காசு கொடுத்து வாங்கினவங்களும் அதுக்கப்புறம் விளையாட முடியல.

ஜிஓஜி கடையிலயும், இட்ச் டாட் ஐஓ-வில் பல கேம்களுக்கும், பல டெவலப்பர்களோட சொந்த சைட்லயும் பூட்டு இல்லாத இன்ஸ்டால் ஃபைல் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சா, கடை மூடினாலும் உங்க ஃபைல் உங்ககிட்ட. பத்து வருஷம் கழிச்சும் விளையாடணும்னு நினைக்கிற கேமா இருந்தா, இதுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். தப்பில்ல.

ரொம்பச் சல்லிசா கீ விற்கிற சைட்?

ஸ்டோரும் இல்லாம, டெவலப்பரும் இல்லாம மூணாவதா ஒருத்தன் 150 ரூபாய்க்கு அதே கேமோட கீ விற்பான். யார் யாரோ கொண்டு வந்து போடுற கீ அது. திருட்டு கார்டுல வாங்கினதா இருந்தா, கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் பணம் திரும்பப் போகும், அந்த நஷ்டமும் அபராதமும் டெவலப்பர் தலையில. உங்க கீ-யும் ரத்தாகலாம். 2019-ல் சில இண்டிக்காரங்க, இந்தக் கடைகளுக்குக் காசு கொடுக்கிறதுக்குப் பதிலா கேமை டொரண்ட்லயே இறக்கிக்கோங்கன்னு வெளிப்படையாச் சொல்ற அளவுக்கு நொந்து போயிருந்தாங்க. "மலிவு"ன்னு போகாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி 5 கேள்வி

1. கடைசிப் பக்கத்துல வர்ற மொத்தம் எவ்வளவு? வரி உள்ளேயா, வெளியேயா? டாலரா இருந்தா உங்க கார்டோட மார்க்கப்பையும் அதுக்கு மேல 18%ஐயும் சேருங்க.
2. என் மெஷின்ல ஓடுமா? குறைந்தபட்சத் தேவையைப் பாருங்க. டெமோ இருந்தா முதல்ல அதை இறக்குங்க.
3. ஓடலைன்னா பணம் எப்படித் திரும்ப வரும்? எழுத்துல இருக்கா?
4. கையில கிடைக்கிறது என்ன? பூட்டு இல்லாத ஃபைலா, ஸ்டீம் கீ-யா, வெறும் லாகினா?
5. அவசரமா? இல்லைன்னா விஷ்லிஸ்ட்ல போட்டு, ஸ்டோர் தள்ளுபடிக்குக் காத்திருங்க. எல்லாக் கேமும் தள்ளுபடிக்கு வராது. ஃபேக்டோரியோ தள்ளுபடியே கொடுக்கிறதில்லைன்னு சொல்லிட்டுத்தான் விற்கிறாங்க.

ரெண்டு இடத்துலயும் ரூபாய் விலை கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா, கண்ணை மூடிட்டு டெவலப்பர் பக்கம் போங்க. அதே 700 ரூபாய்ல, 10% எடுக்கிற இடமா இருந்தா அவருக்கு 415-க்குப் பதிலா 534 ரூபாய் வரை போகும். உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் இல்ல.

தம்பி கதை என்ன ஆச்சு?

டெவலப்பருக்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். திட்டாம, என்ன லேப்டாப், என்ன எரர்னு ரெண்டு வரி. ரெண்டு நாள்ல பதில் வந்தது. முழுப் பணத்தையும் திருப்பிட்டார். பேங்க் எடுத்த மார்க்கப்பும் அதோட வரியுமா 62 ரூபாய் மட்டும் திரும்பல. இப்படி எல்லாரும் தருவாங்கன்னு நம்பி வாங்காதீங்க. இது அவரோட நல்ல மனசு, விதி இல்ல.

"அண்ணா, இப்போதான் எனக்கு அவர்கிட்டயே வாங்கணும் போல இருக்கு"ன்னான்.

நான் சொன்னது இதுதான். வாங்குறது ஒரு லெட்ஜர், ஆதரவு கொடுக்கிறது இன்னொரு லெட்ஜர். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினாதான் 700 ரூபாய் பொருளுக்கு 1,567 கொடுத்துட்டு வயிறெரிய வேண்டி வருது. புது லேப்டாப் வந்ததும் கேமை உனக்குக் கட்டுபடியாகிற விலையில வாங்கு. அந்த மனுஷனோட வேலை பிடிச்சிருந்தா, மாசச் செலவுல "ஆதரவு"ன்னு தனியா 100, 200 ரூபாய் ஒதுக்கு. அவரோட அடுத்த கேமுக்கோ, சவுண்ட்ட்ராக்குக்கோ அதுல இருந்து கொடு. 80ஜி-ல கழிவு கிடைக்காது. அது பரவாயில்ல. காசே இல்லாத மாசம் ஒரு நல்ல ரிவ்யூ எழுது. சின்ன டெவலப்பருக்கு அதுவும் காசுதான்.

சித்தப்பா இவ்வளவையும் கேட்டுட்டு எழுந்தார். "உப்புக்கும் அப்படித்தான்டா. பாக்கெட்டுல ஏறுன விலையில பாத்தியில நிக்கிறவனுக்கு எவ்வளவு வருதுன்னு ஒருத்தனும் கேட்கிறதில்ல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

அடுத்த தடவை எதை வாங்கினாலும், விலையோட சேர்த்து இந்த ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்க. விலை, கட்டணம், டாலர் ரேட் எல்லாம் மாறும். வாங்குற அன்னைக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. இதே கணக்கை எக்செல் ஷீட்ல போட்டு நம்ம சேனல் வீடியோவுலயும் காட்டுறேன்.